1923ஆம் ஆண்டின் சோவியத் பொன் செர்வோனெத்ஸ்: விளிம்பைப் படித்து வாங்குவது எப்படி

தொடக்ககாலச் சோவியத் பொன் நாணயங்களைச் சேர்க்க விரும்புகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, விலைக்குக் கிடைக்கக்கூடிய அத்தகைய நாணயம் ஒன்றே ஒன்றுதான் என்பது. 1923 என்ற ஆண்டு பொறித்த செர்வோனெத்ஸ்தான் அது. 1925 என்ற ஆண்டும் சோவியத் ஒன்றியத்தின் சின்னமும் கொண்ட செர்வோனெத்ஸ் அச்சடிக்கப்பட்டபோதும் புழக்கத்துக்கு வரவில்லை. எஞ்சியவை விரல்விட்டு எண்ணத்தக்கவை, பெரும்பாலும் அருங்காட்சியகத்தில் இருப்பவை. அப்படியொன்றைச் சாதாரண வியாபாரி ஒருவர் நியாய விலைக்குத் தருவதாகச் சொன்னால், பேரம் பேசுவதற்குக்கூட அங்கே நிற்க வேண்டியதில்லை. ஆக, இந்தத் துறையில் சேகரிப்பு என்பது பல நாணயங்களைக் குவிப்பது அன்று. ஒரே நாணயத்தை நன்றாக அறிந்து, அதன் நல்ல பிரதி ஒன்றைத் தேடிப் பிடித்து, அதன் முன்னோடிகளையும் பின்வந்த மறுஅச்சுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான்.

பெயரிலேயே ஒரு குழப்பம் காத்திருக்கிறது. ஜார் பேரரசர் பீட்டர் காலத்தில் டுகாட் என்ற ஐரோப்பியப் பொன் நாணயத்தின் எடையில் அடித்த சிறு பொன் நாணயமும் செர்வோனெத்ஸ்தான். கடைசி ஜார் இரண்டாம் நிக்கோலஸின் உருவம் பொறித்த பத்து ரூபிள் நாணயத்தையும் விற்பவர்கள் பேச்சுவழக்கில் அப்படியே அழைக்கிறார்கள். 1922 முதல் சோவியத் அரசு வங்கி வெளியிட்ட காகிதப் பணத்துக்கும் அதே பெயர்தான். எனவே ஏலப் பட்டியலில் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், ஆண்டு, உருவம், எடை ஆகிய மூன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

நாணயம் பிறந்த கதை

இந்த வரலாற்றைத் தெரிந்துகொள்வது வாங்குகிறவருக்கு நேரடியாக உதவும் என்பதால் சற்று விரிவாகவே சொல்லலாம். உள்நாட்டுப் போரின் முடிவில் சோவியத் ரூபிள் நாளுக்கு நாள் மதிப்பிழந்து, இலட்சங்களிலும் கோடிகளிலும் விலை சொல்லும் நிலைக்கு வந்துவிட்டது. அப்போது நிதித்துறையை நடத்திய கிரிகோரி சொக்கோல்னிக்கோவ், பொன்னின் துணையுடைய நிலையான பணம் ஒன்றைத் தனியாகக் கொண்டுவர வேண்டும் என்று உறுதியாக நின்றார். 1922 அக்டோபர் 11 அன்று வந்த ஆணை, செர்வோனெத்ஸ் என்ற அலகில் காகிதப் பணம் வெளியிடும் உரிமையை அரசு வங்கிக்குத் தந்தது. வெளியிடப்படும் பணத்தில் கால் பங்குக்கு உயர் உலோகமும் நிலையான வெளிநாட்டுப் பணமும், மீதிக்கு எளிதில் விற்கத்தக்க சரக்குகளும் குறுகியகால மாற்று உண்டியல்களும் (குறித்த நாளில் பணம் தருவதாக எழுதிய பத்திரங்கள்) ஈடாக இருக்க வேண்டும் என்பது விதி. அதே மாதம் 26ஆம் தேதி வந்த மற்றோர் ஆணை, பொன் நாணயத்தையே அச்சடிக்க வழிவகுத்தது.

ஒரு செர்வோனெத்ஸில் இருக்க வேண்டிய பொன்னின் அளவு புதிதாக வகுக்கப்பட்டதன்று. முதல் உலகப் போருக்கு முன் ஜார் ஆட்சியில் வழங்கிய பத்து ரூபிள் நாணயத்தில் எவ்வளவு பொன் இருந்ததோ அதே அளவுதான். பழைய பத்து ரூபிளை நம்பிய உழவரும் வணிகரும் வெளிநாட்டவரும் புதியதையும் நம்ப வேண்டும் என்பதே நோக்கம். மெட்ரிக் அளவுமுறைக்கு மாறுவதாக 1918இலேயே ஆணை பிறப்பித்த அரசு, இந்த நாணயத்தின் விளிம்பில் சொலோத்னிக், தோல்யா என்ற பழைய ருஷ்ய எடைக் கணக்கையே எழுதி வைத்ததற்கும் காரணம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

காகித செர்வோனெத்ஸைப் பொன்னாக மாற்றித் தருவோம் என்ற உறுதிமொழி ஆணையில் இருந்தது. ஆனால் மாற்றும் நாள் பின்னர் தனியே அறிவிக்கப்படும் என்று சொல்லப்பட்டு, அந்த அறிவிப்பு கடைசிவரை வரவே இல்லை. ஆகவே, பொன் நாணயங்கள் உள்நாட்டில் சந்தையிலும் கடையிலும் கைமாறித் தேயும் வாய்ப்பு மிகக் குறைவாகவே இருந்தது. வெளிநாட்டுக் கொடுப்பனவுகளுக்கு இவை பயன்படும் என்று எதிர்பார்க்கப்பட்டாலும், புரட்சிச் சின்னம் பொறித்த நாணயத்தை வாங்க மேற்கு நாடுகள் தயங்கின. அதனால் 1925, 1926 ஆண்டுகளில் சோவியத் நாணயச் சாலையே நிக்கோலஸ் உருவம் கொண்ட பழைய வகைப் பொன் நாணயங்களை மீண்டும் அடிக்க நேர்ந்தது. ஜார் குடும்பத்தைச் சுட்டுக்கொன்ற அரசு, ஜாரின் முகத்தை அச்சடித்துக் கடன் தீர்த்தது என்பது நாணய வரலாற்றில் அடிக்கடி காணக்கிடைக்காத வேடிக்கை. அந்தப் பிரதிகளைப் பழையவற்றிலிருந்து பிரித்தறிய நம்பத்தக்க வழி இல்லை; எனவே ‘இது சோவியத் காலத்தில் அடித்த நிக்கோலஸ் நாணயம்’ என்று சொல்லி எவரேனும் கூடுதல் விலை கேட்டால், அதற்குப் பணம் தர வேண்டாம்.

கண்ணில் படுவன

நாணயத்தின் ஒரு பக்கம் ருஷ்ய சோவியத் கூட்டாட்சிச் சோஷலிசக் குடியரசின் சின்னமாகிய அரிவாள் சுத்தியலையும், ‘உலகத் தொழிலாளர்களே, ஒன்றுபடுங்கள்’ என்ற முழக்கத்தையும் கொண்டிருக்கும். சோவியத் ஒன்றியம் 1922 டிசம்பரிலேயே அமைந்துவிட்டபோதும், 1923ஆம் ஆண்டு நாணயத்தில் ஒன்றியத்தின் சின்னம் இல்லாமல் குடியரசின் சின்னமே இருப்பதைக் கண்டு போலி என்று எண்ணிவிடக் கூடாது. ஒன்றியத்தின் சின்னம் 1923ஆம் ஆண்டின் நடுவில்தான் ஏற்கப்பட்டது.

மறுபக்கம் இருப்பவர், கையை வீசி விதை தெளிக்கும் உழவர். பின்னணியில் உதிக்கும் கதிரவனும் ஆலையும் தெரியும். இவான் ஷாதர் என்ற சிற்பி, அரசு அச்சகத்துக்காக 1922இல் தொழிலாளி, செம்படை வீரர், உழவர் போன்ற உருவங்களைச் செய்து தந்தபோது உருவானதுதான் இந்த விதைப்பவர். அதே வரிசை உருவங்களை அக்கால அஞ்சல் தலைகளிலும் காணலாம் என்பதால், அஞ்சல் தலை சேர்ப்பவர்களுக்கு இந்த முகங்கள் பழக்கமாகவே இருக்கும். சிலையை நாணய அச்சாக மாற்றியவர் அந்தோன் வசியூதின்ஸ்கி. ஜார் காலத்திலிருந்தே பெத்ரோகிராது (பின்னர் லெனின்கிராது) நாணயச் சாலையில் பணியாற்றியவர். புதிய ஆட்சியின் நாணயம் பழைய ஆட்சியின் கைத்திறனோடு வந்ததற்கு அதுவே காரணம். உழவரின் சட்டை மடிப்பு, விரல்கள், முகத்தின் நிழல் ஆகியவற்றைப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்தால் ஒவ்வொன்றும் கூர்மையாகத் தெரிய வேண்டும். முகம் சோப்புக் கட்டியில் செதுக்கியதுபோல வழுவழுவென்று இருந்தால் அந்த நாணயத்தைக் கீழே வைத்துவிடலாம்.

விளிம்பு

ஆண்டையும் உருவத்தையும் எல்லோரும் பார்க்கிறார்கள். தேர்ந்தவர் முதலில் நாணயத்தை நிமிர்த்தி விளிம்பைப் பார்க்கிறார். 1923ஆம் ஆண்டு செர்வோனெத்ஸின் விளிம்பில் ‘சுத்தப் பொன் 1 சொலோத்னிக் 78,24 தோல்யா’ என்ற பொருளில் ருஷ்ய மொழியில் எழுதி, அடைப்புக்குறிக்குள் பே, எல் என்ற இரண்டு ருஷ்ய எழுத்துகள் பொறித்திருக்கும். அவற்றில் முதலாவது, இரண்டு பந்தற்கால்களின் மேல் குறுக்கே ஒரு கழி வைத்தது போல இருக்கும். நாணய அடிப்புப் பிரிவின் தலைவராக இருந்த பியோத்தர் லாத்திஷெவின் பெயரெழுத்துகள் அவை. எடைக்கும் தூய்மைக்கும் தாமே பொறுப்பு என்று அதிகாரி ஒருவர் விளிம்பில் கையெழுத்திடும் வழக்கம் ஜார் காலத்திலிருந்து தொடர்ந்தது.

அந்தக் கணக்கை வாசகரே சரிபார்த்துக்கொள்ளலாம். ஒரு சொலோத்னிக் 4.2658 கிராம், அதில் 96 தோல்யாக்கள் உண்டு, ஆக ஒரு தோல்யா ஏறத்தாழ 0.0444 கிராம். 78.24 தோல்யா என்பது 3.4766 கிராம் ஆகிறது. இரண்டையும் கூட்டினால் 7.7424 கிராம் சுத்தப் பொன். பத்தில் ஒன்பது பங்கு பொன், ஒரு பங்கு செம்பு என்பது இதன் கலவை; எனவே நாணயத்தின் மொத்த எடை 8.60 கிராம். நம் கடைகளில் சவரன் என்று சொல்லும் 8 கிராம் 22 காரட் தங்கத்தில் 7.33 கிராம்தான் சுத்தப் பொன் இருப்பதால், ஒரு செர்வோனெத்ஸ் நம் சவரனைவிடப் பொன்னளவில் கொஞ்சம் கூடுதலானது. ஆனால் காரட்டில் 21.6தான். நகைக்கடையின் காரட் மீட்டரில் வைத்துப் பார்க்கும்போது 916 வரவில்லையே என்று கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினால் கவலைப்பட வேண்டாம். இந்த நாணயத்துக்கு 900 வருவதுதான் முறை. 916 காட்டினால்தான் சந்தேகப்பட வேண்டும்.

நிக்கோலஸ் காலத்துப் பத்து ரூபிளின் விளிம்பிலும் இதே எண்கள்தாம் உள்ளன. ஆனால் 1918இல் ருஷ்ய எழுத்துமுறை சீர்திருத்தப்பட்டதால், பழைய நாணயத்தில் சொலோத்னிக் என்ற சொல்லின் இறுதியில் நிற்கும் ஒலியற்ற எழுத்து புதியதில் இருக்காது. ‘சுத்தமான’ என்ற சொல்லின் விகுதியும் மாறியிருக்கும். 1923 என்ற ஆண்டும் பழைய எழுத்துமுறையும் ஒரே நாணயத்தில் சேர்ந்து வந்தால் அது போலி. ருஷ்ய மொழி தெரியாதவரும், இரண்டு விளிம்புகளின் பெரிதாக்கிய படங்களை அருகருகே வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால் இதைக் கண்டுபிடித்துவிடலாம்.

மறுஅச்சுகள்

1975 முதல் 1982 வரை சோவியத் அரசு, வெளிநாட்டுச் செலாவணி ஈட்டுவதற்காக, இதே விதைப்பவர் உருவத்தோடு செர்வோனெத்ஸை மீண்டும் அடித்து விற்றது. மாஸ்கோ ஒலிம்பிக் சமயத்தில் வெளிநாட்டுப் பயணிகளுக்கும் இவை விற்கப்பட்டன. எடை, தூய்மை, விட்டம் யாவும் பழையவையே. ஆண்டு மட்டும் அந்தந்த அச்சு ஆண்டாக இருக்கும். விளிம்பில் லாத்திஷெவின் எழுத்துகள் இரா, மாஸ்கோ அல்லது லெனின்கிராது நாணயச் சாலையின் குறியைப் பல ஆண்டுகளின் நாணயங்களில் அந்த இடத்தில் காணலாம். 1923ஆம் ஆண்டு நாணயங்கள் சுமார் 27.5 இலட்சம் அடிக்கப்பட்டதாக நாணயப் பட்டியல்கள் சொல்கின்றன. மறுஅச்சுகளோ பல ஆண்டுகளில் தலா 10 இலட்சம் அளவுக்கு வந்தவை, 1982ஆம் ஆண்டினது மட்டும் 65,000 என்று குறைவு.

எண்ணிக்கையில் இவ்வளவு பெரிய வேறுபாடு இல்லையே என்று தோன்றலாம். ஆனால் மறுஅச்சுகள் அடித்தபடியே பாதுகாக்கப்பட்டு இன்றும் கிடைக்கின்றன. 1923ஆம் ஆண்டினவோ உருக்கப்பட்டும் சிதறியும் போனவை. எனவே மறுஅச்சு பொன்விலைக்குச் சற்று மேலான விலையிலும், 1923 அதைவிடப் பல மடங்கு விலையிலும் விற்கிறது. சேகரிப்பாளர் இங்கே வாங்குவது பொன்னையன்று, ஓர் ஆண்டை; அந்த ஆண்டு உண்மையானதா என்பதற்குச் சாட்சி விளிம்பு. மறுஅச்சு ஒன்றின் கடைசி இரண்டு எண்களைச் சுரண்டி 23 ஆக்கும் வேலைக்கு ஆசை காட்டுவதும் இந்த விலை வேறுபாடே. எண்களைச் சுற்றியுள்ள சமதளத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். அங்கே மட்டும் மேற்பரப்பின் பளபளப்பு மாறியிருந்தாலோ, நுண்ணிய கோடுகள் தெரிந்தாலோ, எண்கள் மற்ற எழுத்துகளைவிடத் தாழ்ந்திருந்தாலோ, அந்த நாணயத்தை விட்டுவிடலாம்.

வீட்டிலேயே செய்யும் சோதனை

ஒரு கிராமில் நூறில் ஒரு பங்கு வரை காட்டும் எலக்ட்ரானிக் தராசும், வெர்னியர் அளவியும், நல்ல லென்ஸும் போதும். எடை 8.60 கிராமை ஒட்டியும், விட்டம் 22.6 மில்லிமீட்டர் அளவிலும் இருக்க வேண்டும். இவை சரியாக வந்தபின் அடர்த்தியைப் பார்க்கலாம். ஒரு சிறு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து எண்ணைப் பூச்சியமாக்க வேண்டும். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, குவளையின் அடியையோ பக்கத்தையோ தொடாமல், முழுவதும் நீருக்குள் மூழ்கும்படி தொங்கவிட்டுப் பிடிக்க வேண்டும். அப்போது தராசு காட்டும் எண், நாணயம் விலக்கிய நீரின் எடை. 900 தூய்மையுள்ள பொன்னின் அடர்த்தி நீரைப்போல ஏறத்தாழ 17.2 மடங்கு, எனவே 8.60 கிராம் நாணயத்துக்குத் தராசு அரை கிராம் காட்ட வேண்டும். ஈயத்தின் மேல் முலாம் பூசியது முக்கால் கிராமும், பித்தளை ஒரு கிராமும் காட்டும். நாணயத்தில் காற்றுக்குமிழ் ஒட்டியிருந்தால் எண் சற்றுக் கூடும் என்பதால், நாணயத்தை மெல்ல அசைத்துவிட்டு மறுபடி பார்ப்பது நல்லது. நூல் எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு துல்லியம். தையல் நூலைவிடப் பட்டு நூல் மேல்.

உரைகல்லில் மட்டும் நாணயத்தை உரைக்கவே கூடாது. நகைக்கு அது சோதனை. நாணயத்துக்கு அது சேதம்.

இந்தச் சோதனைகள் அனைத்திலும் தேறிய பிறகும் ஒரு வகைப் போலி எஞ்சி நிற்கும்: உண்மையான பொன்னில், சரியான எடையில், பொய்யான அச்சால் அடிக்கப்பட்டது. பொன்விலைக்கும் சேகரிப்பாளர் விலைக்கும் இடையே இவ்வளவு தூரம் இருக்கும்போது, சரியான பொன்னைப் போட்டே போலி செய்தாலும் இலாபம் உண்டு. இவற்றுக்குத் தராசு பதில் சொல்லாது. கண்தான் சொல்ல வேண்டும். எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருத்தல், சமதளத்தில் சிறு குழிகளும் கொப்புளங்களும் இருத்தல், விளிம்பு எழுத்துகளின் ஆழம் இடத்துக்கு இடம் மாறுதல், வார்ப்பாக இருந்தால் விளிம்பைச் சுற்றி மெல்லிய இணைப்புக் கோடு ஓடுதல் ஆகியவை அடையாளங்கள். புகழ்பெற்ற ஏல நிறுவனங்கள் தங்கள் பழைய ஏலங்களின் பெரிய படங்களை இணையத்தில் வைத்திருக்கின்றன. அவற்றைப் பொறுமையாகப் பார்த்துக் கண்ணைப் பழக்குவதைவிடச் சிறந்த பயிற்சி எனக்குத் தெரிந்து வேறில்லை. விலை அதிகமென்றால், என்ஜிசி, பிசிஜிஎஸ் போன்ற தரமிடும் நிறுவனங்கள் ஆராய்ந்து பிளாஸ்டிக் உறையில் மூடிய நாணயத்தையே வாங்கி, உறையிலுள்ள எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்திலும் சரிபார்த்துக்கொள்வது நல்லது. உறையே போலியாக வருவதும் உண்டு.

தேய்மானமும் தாலிக்குண்டும்

இந்த நாணயம் பெரும்பாலும் கைமாறாதது என்று முன்பே சொன்னோம். எனவே நல்ல நிலையிலுள்ள 1923 அரிதன்று. மிகவும் தேய்ந்தது ஒன்று வந்தால்தான் ஏன் என்று கேட்க வேண்டும். சட்டைப்பையில் உலாவித் தேய்ந்ததா, அல்லது யாரோ அதைப் பதக்கமாக அணிந்திருந்தார்களா? நம் ஊரில் தாலிக்கொடியில் காசு கோப்பதைப் போலவே அங்கும் பொன் நாணயத்துக்கு வளையம் பற்றவைத்து அணிந்தவர்கள் இருந்தார்கள். பற்றவைத்த வளையத்தை அறுத்துவிட்டு, அரம் போட்டு மெருகேற்றினாலும், விளிம்பில் அந்த இடத்து எழுத்துகள் மட்டும் மங்கியிருக்கும். பொன்னின் நிறமும் அங்கே சிறிது வேறாக இருக்கும். இத்தகைய நாணயத்துக்குப் பொன்விலையை ஒட்டித்தான் கொடுக்கலாம்.

வாங்கிய பிறகு செய்யக் கூடாத முதல் வேலை கழுவுவது. பூந்திக்கொட்டைத் தண்ணீரில் பிரஷ் போட்டு நகையைப் பளபளக்க வைக்கும் பழக்கம் நமக்கு உண்டு. நாணயத்தில் அதைச் செய்தால், அச்சடித்தபோதே படிந்த மேற்பரப்பின் இயல்பான ஒளி போய்விடும், மீண்டும் வராது. கலவையில் செம்பு இருப்பதால் சிலவற்றில் செந்நிறப் புள்ளிகள் தோன்றலாம். அவற்றை அப்படியே விட்டுவிட வேண்டும். விளிம்பைப் பிடித்தே எடுத்து, பிவிசி என்ற பிளாஸ்டிக் கலக்காத உறையிலோ அளவுக்கேற்ற கடினமான கூட்டிலோ வைத்தால் போதும்.

காகிதங்கள்

நாணயத்தோடு அதன் வரலாற்றையும் வாங்க வேண்டும்: யாரிடமிருந்து, எப்போது, எந்த நாட்டில் வாங்கப்பட்டது என்பதைக் காட்டும் பற்றுச்சீட்டு. இது வெறும் சம்பிரதாயம் அன்று. உக்ரைன் போரைத் தொடர்ந்து 2022ஆம் ஆண்டின் கோடையிலிருந்து ருஷ்யப் பொன்னின் புதிய இறக்குமதிக்கு ஐரோப்பிய ஒன்றியமும் பிரிட்டனும் அமெரிக்காவும் தடை விதித்துள்ளன. நாணயம் அதற்கு முன்பே ருஷ்யாவை விட்டு வந்துவிட்டது என்று காட்டும் பழைய ஏலச் சீட்டு கையில் இருந்தால், அதை மறுபடி விற்கும்போது தொல்லை குறையும். இந்தியாவில் இருப்பவர் வெளிநாட்டு ஏலத்தில் வாங்கும் முன் பொன் நாணய இறக்குமதி விதிகளையும் சுங்க வரியையும் முகவர் ஒருவரிடம் கேட்டறிய வேண்டும். மேலும், 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டம் நூறாண்டு கடந்த நாணயத்தையும் தொல்பொருள் என்றே வரையறுக்கிறது. 1923ஆம் ஆண்டு நாணயம் அந்த எல்லையை இப்போதுதான் தாண்டியிருக்கிறது. உள்ளே வந்த நாணயத்தை மறுபடி வெளியே அனுப்ப நினைப்பவர் இதை மறக்கக் கூடாது.

எங்கிருந்து தொடங்குவது

பொன்னில் இறங்கும் முன் அதே காலத்து வெள்ளியில் பழகுவது என் பரிந்துரை. 1921, 1922 ஆண்டுகளின் வெள்ளி ரூபிள்களின் விளிம்பிலும் அதிகாரியின் பெயரெழுத்துகள் உண்டு: முதலில் ஆர்தர் ஹார்ட்மனின் எழுத்துகள், 1922இன் ஒரு பகுதியில் லாத்திஷெவின் எழுத்துகள். 1924இல் வந்த, கொல்லர் சம்மட்டி ஓங்கும் அரை ரூபிள் இன்னும் எளிதாகவும் குறைந்த விலைக்கும் கிடைப்பது. பத்து கிராம் எடையுள்ள அதன் விளிம்பில் சுத்த வெள்ளி 9 கிராம் என்று மெட்ரிக்கில் எழுதி, 2 சொலோத்னிக் 10,5 தோல்யா என்ற பழைய கணக்கை அடைப்புக்குறிக்குள் தள்ளியிருப்பார்கள். அந்த ஆண்டில் தேவை மிகுந்ததால் ஒரு பெரும்பகுதி லண்டன் நாணயச் சாலையில் அடிக்கப்பட்டது. அவற்றின் விளிம்பில் லாத்திஷெவுக்குப் பதிலாகத் தாமஸ் ராஸ் என்பவரின் பெயரெழுத்துகள் இருக்கும். லெனின்கிராதில் அடித்தது ஒன்று, லண்டனில் அடித்தது ஒன்று என இரண்டை வாங்கி, லென்ஸை வைத்துக்கொண்டு விளிம்புகளை எழுத்துக்கூட்டிப் படித்துப் பழகியவர், செர்வோனெத்ஸ் கைக்கு வரும்போது எங்கே பார்க்க வேண்டும் என்று யாரையும் கேட்க வேண்டியிராது.